பைன்வுட் டெர்பி: முதலை வண்டி கட்டிய ஆறு வாரம்

டிசம்பர், முதல் சனி

பைன்வுட் டெர்பி என்பது சாரணர் பிள்ளைகள் கையால் செய்த குட்டி மரவண்டிகளைச் சரிவில் ஓடவிடும் பந்தயம். அதற்கான பெட்டிக்குள் இருப்பது இவ்வளவுதான். 7 அங்குல நீளம், ஒன்றே முக்கால் அங்குல அகலம், ஒன்றேகால் அங்குல உயரத்தில் ஒரு பைன் மரக்கட்டை. நாலு பிளாஸ்டிக் சக்கரம். அச்சுக்கு நாலு ஆணி. மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. சாய்ந்த தடத்தின் உச்சியில் வைத்து விட்டால் புவியீர்ப்பு இழுத்துக்கொண்டு போக வேண்டும். முழு வண்டியும் 5 அவுன்ஸைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் 141.7 கிராம்.

நாங்கள் இருப்பது நியூஜெர்சியில். மகள் மூன்றாம் வகுப்பு. சின்னப் பிள்ளைகளின் சாரணர் அமைப்பான கப் ஸ்கவுட்டில் ‘பேர்’, அதாவது கரடிப் பிரிவு. 2018 முதல் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். போன வருஷம் அவளும் என் கணவரும் சேர்ந்து கட்டையை ஆப்பு மாதிரி சீவி, ஆணியை அடித்து, சிவப்புப் பெயின்ட் பூசிக் கொண்டுபோனார்கள். சராசரி 3.34 வினாடி, 26 வண்டிகளில் 22-ஆவது இடம். திரும்பும் வழியில் அவள் ஒன்றும் பேசவில்லை. நாங்கள்தான் பேசிக்கொண்டே வந்தோம்.

இந்த வருஷம் அப்பா இங்கே இருக்கிறார். குளிருக்கு முன்னே கிளம்ப வேண்டியவர், பேத்தி கெஞ்சியதால் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டார். கோயம்புத்தூர் ஃபவுண்டரி ஒன்றில் 34 வருஷம் பேட்டர்ன் மேக்கர். பம்பு வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செதுக்குவார்களே, அந்த வேலை. கட்டையை வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

“பொட்டி அடிக்கிற மரமாச்சே இது. தேக்கு கெடைக்காதா?”

“இதே கட்டையிலதான் செய்யோணும்னு ரூல் அப்பிச்சி” என்றாள் மகள். ‘செய்யோணும்’ அவரிடம் கற்றதுதான்.

டிசம்பர், இரண்டாம் ஞாயிறு

என்ன உருவம் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. முதலை. படம் வரைந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியாகிவிட்டது. யோசித்தால் அது நல்ல தேர்வும்கூட. மூக்குப் பக்கம் மெலிசு, பின்பக்கம் தடிமன். எடை பின்னால் இருக்க வேண்டிய வண்டிக்கு அமைந்த உடம்பு.

எடை ஏன் பின்னால்? தடத்தின் உச்சியில் வண்டி தலைகுனிந்து நிற்கிறது. பின்பக்கம்தான் உயரத்தில் இருக்கும். பாரத்தை ஒரு அங்குலம் பின்னால் தள்ளினால் கிட்டத்தட்ட அரை அங்குலம் மேலே ஏற்றியதற்குச் சமம். விழும் உயரம் அந்த அளவுக்குக் கூடுகிறது. மூன்று வினாடி ஓட்டத்தில் இதனால் கிடைப்பது நூறில் ஒன்றோ இரண்டோ வினாடிதான். ஆனால் வண்டி வினாடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் வரும்போது நூறில் ஒரு வினாடி என்பது நாலரை சென்டிமீட்டர். ஜெயிப்பதும் தோற்பதும் அதற்குள்ளேதான்.

இதை நான் அப்பாவுக்குப் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பின்பாரம்னு சொல்லு” என்றார். மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும் என்றும் சொன்னார். இந்த வண்டிக்கு மாடே இல்லையே என்றேன். “மூஞ்சி தூக்கும்ல” என்றார். அதைக் காதில் வாங்கியிருக்கலாம்.

டிசம்பர், மூன்றாம் வாரம்

அறுக்கும் வேலை. கட்டையை மேஜையில் இறுக்கிப் பிடித்தது அப்பா, வளைவு ரம்பத்தை இழுத்தது அவள். இரண்டு மாலை ஆயிற்று. வெட்டுக்கு முன் 108 கிராம் இருந்த கட்டை 46 கிராமுக்கு வந்தது. மூக்கு கோணலாக அறுபட்டதால் முன்னால் கொஞ்சம் வெட்டி எறிய வேண்டியிருந்தது. குறைந்த நீளத்தை ஈடுகட்டத் தனி மரத்தில் ஒரு வால். அதை அப்பா ஏற்றுக்கொண்டார். கோவையிலிருந்து கொண்டுவந்த தன் பழைய எஃகு ஸ்கேலை எடுத்து மூக்கிலிருந்து வால் நுனி வரை சரியாக 7 அங்குலம் குறித்து ஒட்டினார்.

மறுநாள் காலை ஒரு கலவரம். “யாரு என் முதலையைத் தேச்சது?”

ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அப்பா உட்கார்ந்து முழு உடம்பையும் உப்புத்தாள் போட்டு வழவழவென்று ஆக்கியிருந்தார். போதாததற்கு இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ் லேசான சரிவு வேறு. மண்ணில் புதைத்த பேட்டர்னை அச்சு உடையாமல் உருவி எடுக்க அந்தச் சரிவு வேண்டும். இங்கே யாரும் முதலையை மண்ணில் புதைக்கப்போவதில்லை, ஆனால் 34 வருஷக் கை அது.

அவள் அழவில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து முதுகு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினாள். செதில். அப்பா வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு கீறலுக்கும் அவர் கண் இமை மட்டும் துடித்தது.

டிசம்பர் கடைசி

எனக்கு இதில் பிடித்த பகுதி ஆணிதான். போன வருஷம் நாங்கள் தோற்றது அங்கேதான் என்று இப்போது உறுதியாகத் தெரிகிறது.

பெட்டியோடு வரும் ஆணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தலைக்கு அடியில் சின்னப் பிசிறு. தண்டில், தலையை ஒட்டி, இயந்திரம் கவ்விப் பிடித்த தடம். சக்கரம் சுற்றும்போது உரசுவது சரியாக இந்த இடத்தில். போன வருஷம் நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை, பெயின்ட் அடிப்பதில் மும்முரமாக இருந்தோம்.

ஆணியை டிரில்லில் மாட்டிச் சுற்றவிட்டு, முதலில் மெல்லிய அரத்தால் பிசிறை எடுத்தோம். தலையின் அடிப்பாகத்தை லேசாகக் கூம்பாக்கினோம், சக்கரத்தைத் தொடும் பரப்பு குறையட்டும் என்று. பிறகு தண்ணீர் தொட்டு எமரித் தாள்: 400, 600, 1000, 2000 என்ற வரிசையில். கடைசியில் பித்தளைப் பாத்திரம் துலக்கும் பாலிஷ். டிரில்லைப் பிடித்தது நான், தாளைப் பிடித்தது அவள், கண்ணாடியைக் கழற்றி ஆணியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், “இன்னும் சித்த தேய்க்கோணும் அம்மிணி” என்றது அப்பா. நாலு ஆணிக்கு ஒரு முழு மத்தியானம் போயிற்று.

“இருசு நல்லா இருந்தா வண்டி தானா ஓடும்” என்றார். அப்பாவுக்கு இது ஆக்ஸில் கிடையாது, இருசுதான்.

அடுத்து வண்டி மை. விளக்கெண்ணெய் போடலாமா என்று கேட்டார். எண்ணெய்க்கு அனுமதி இல்லை, உலர்ந்த தூள் மட்டும்தான். கிராஃபைட் தூள் டப்பாவை நீட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது. ஃபவுண்டரியில் வார்ப்பச்சுக்குத் தூவுகிற அதே சரக்கு. சக்கரத்தின் துளையில் தூவி, விரலால் சுண்டிச் சுற்றவிட்டு, மறுபடி தூவி, மறுபடி சுண்டி. முதலில் நாலைந்து வினாடியில் நின்ற சக்கரம் கடைசியில் இருபது வினாடிக்கு மேல் சுற்றியது. மூன்று பேர் கையும் கரி. சோபாவும்.

அந்த மத்தியானம்தான் அவர் கேட்டார், “யாருக்கு வந்த ரோசனை இது?” டான் மர்ஃபி என்ற கலிஃபோர்னியாக்காரர். மேன்ஹாட்டன் பீச்சில் 280சி என்ற கப் ஸ்கவுட் குழுவை நடத்தியவர். சோப் பாக்ஸ் டெர்பி என்று பையன்கள் தாங்களே உட்கார்ந்து ஓட்டும் வண்டிப் பந்தயம் ஒன்று உண்டு. அதில் கலந்துகொள்ள அவர் மகனுக்கு வயசு பத்தவில்லை. அதனால் ஆளுக்குப் பதில் மரப்பொம்மை ஓடட்டும் என்று 1953 மே 15 அன்று முதல் பந்தயத்தை நடத்தினார். செலவை ஏற்றது அவர் வேலை பார்த்த நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் விமானக் கம்பெனியின் மேலாளர் மன்றம். மறு வருஷமே அது நாடு முழுக்கப் பரவிவிட்டது.

“ஃபேக்டரி ஆளா? அதான்” என்றார் அப்பா. அதற்கு மேல் அவருக்குச் சான்று வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி, இரண்டாம் வாரம்

பெயின்ட் பற்றி ஒரே வரி: உறைகிற குளிரில் கராஜில் பெயின்ட் காயாது. நாலு நாள் பிசுபிசுவென்று இருந்துவிட்டு, முதலை இப்போது துணி துவைக்கும் அறையில் தொங்குகிறது.

பாரம் ஏற்றுவதில் வாக்குவாதம். சக்கரம், ஆணி, வால், பெயின்ட் எல்லாம் சேர்த்து 68 கிராம். இன்னும் 73 கிராம் வேண்டும். ஈயத்தை உருக்கி ஊற்றிவிடலாம் என்றார் அப்பா. குழந்தை இருக்கிற வீட்டில் ஈயம் வேண்டாம் என்றேன். வாழ்நாள் முழுக்க உலைப் பக்கத்தில் நின்றவர், என்னை ஒரு பார்வை பார்த்தார். டங்ஸ்டன் உருளைகள் வாங்கினேன், விலை முப்பது டாலரை ஒட்டி. ஆனால் காரணம் இருக்கிறது: 73 கிராமுக்கு ஈயம் ஆறரை கன சென்டிமீட்டர் இடம் கேட்கும், டங்ஸ்டன் நாலுக்கும் குறைவாக. இடம் குறைந்தால் எல்லாவற்றையும் பின்னச்சுக்குக் கிட்டே நெருக்கி வைக்கலாம்.

எவ்வளவு கிட்டே? பென்சில் மேல் வண்டியை வைத்துச் சமன் பார்த்தோம். பின்னச்சுக்கு ஒரு அங்குலம் முன்னால் நிற்கட்டும் என்றார் அப்பா. முக்கால் அங்குலம் என்றேன் நான். நான் நிறையப் படித்திருந்தேன். என் பேச்சு எடுபட்டது.

கடைசி வேலை, திசை. தடத்தின் ஒவ்வொரு ஓடுபாதையிலும் நடுவே ஒரு மேட்டுப் பட்டி இருக்கும், வண்டி அதன் இரு பக்கமும் சக்கரம் போட்டு ஓடும். நேராக விட்டால் பட்டியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி இடித்துக்கொண்டே போகும். அதற்குப் பதில் முன் ஆணி ஒன்றை இம்மியளவு வளைத்து, அந்த ஒரு சக்கரம் மட்டும் பட்டியை உரசியபடி போகும்படி வைத்தால் இடி இல்லை. இன்னொரு முன் சக்கரம் தரையையே தொடாமல் லேசாகத் தூக்கியிருக்கும், சுற்ற வேண்டிய சக்கரம் ஒன்று குறைவு. எங்கள் கப் ஸ்கவுட் குழுவில் இரண்டுக்கும் தடை இல்லை. இஸ்திரி மேஜையைச் சாய்த்துப்போட்டு விட்டுப் பார்த்தோம். 4 அடியில் 3 அங்குலம் விலகி ஓடும் வரை ஆணியைத் திருப்பித் திருப்பி வைத்தோம். “வண்டித் தடத்துல விழுந்த வண்டி மாதிரி” என்று மகளுக்கு விளக்கினார் அப்பா. வண்டித் தடம் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

பந்தயத்துக்கு முந்திய வெள்ளி

முந்தின நாள் மாலையே வண்டியை ஒப்படைத்துவிட வேண்டும். எடை பார்ப்பார்கள், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நீள அகலம் பார்ப்பார்கள். எடை 4.97 அவுன்ஸ். பெட்டிக்குள் முதலை போகவில்லை.

வால் நுனி இடித்தது. இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். சோதித்தவர் மறுபடி வைத்தார், மறுபடி இடித்தது. அப்பா பையிலிருந்து தன் ஸ்கேலை எடுத்து அளந்தார். சரியாக 7 அங்குலம். பெட்டிதான் தப்பு என்றார், தமிழில். நான் அந்த ஸ்கேலை வாங்கி ஓரத்தைப் பார்த்தேன்.

ஷ்ரிங்கேஜ் ஸ்கேல். உருகிய இரும்பு ஆறும்போது அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் சுருங்கும். அதனால் பேட்டர்ன் செய்கிறவர்களின் அளவுகோலே அந்த அளவுக்கு நீட்டித்துக் கோடு போடப்பட்டிருக்கும். அதில் 7 அங்குலம் என்றால் உலகத்துக்கு 7.07. ஃபவுண்டரிக்காரர் மகளான எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். அப்பாவுக்கோ வேறு ஸ்கேலே கிடையாது.

அவர் கொஞ்ச நேரம் முதலையையே பார்த்துவிட்டு, “வார்ப்பு ஆறினாச் சரியாப் போயிரும்” என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மொழிபெயர்த்துச் சொல்ல வழி தெரியாமல் சோதித்தவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

யாரோ ஒரு அம்மா கைப்பையிலிருந்து நகம் தேய்க்கும் தாளைக் கொடுத்தார். மகள் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாலைத் தேய்த்தாள். கால் மணி நேரம். அப்பா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முதலை பெட்டிக்குள் இறங்கியது. குறைந்த எடைக்கு ஒரு சிட்டிகை டங்ஸ்டன் களிம்பை வாலடியில் அப்பினேன். 5.00.

சனிக்கிழமை

பள்ளிக்கூட ஜிம்மில் 42 அடி அலுமினியத் தடம், நாலு ஓடுபாதை. ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு பாதையிலும் ஒரு தடவை ஓடும். முடிவுக்கோட்டில் ஒளி உணரி, நேரம் நேராகத் திரைக்குப் போகிறது. இந்த வருஷம் 28 வண்டி.

முதல் ஓட்டம் 3.10. அவள் என் கையைப் பிடித்தாள். இரண்டாவது 3.11. மூன்றாவது பாதையில் சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் இடத்தில் முதலை மூக்கைத் தூக்கியது. ஒரு நொடிக்கும் குறைவுதான், ஆனால் பட்டியில் மோதிய சத்தம் எங்களுக்குக் கேட்டது. 3.22. நாலாவது மறுபடி 3.10.

சராசரி 3.13, ஆறாவது இடம். முதல் மூன்று பேர்தான் அடுத்த கட்டப் பந்தயத்துக்குப் போவார்கள். மூன்றாவது வந்த வண்டிக்கும் எங்களுக்கும் 0.03 வினாடி, அதாவது ஒரு சாண்கூட இல்லை. அழகு வண்டிக்கான பரிசு பீட்சாத் துண்டு ஒன்றுக்குப் போயிற்று. அதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

அப்பா “பின்பாரம்” என்று சொல்லவே இல்லை. காரில் ஏறும்போது என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். முக்கால் அங்குலம், போதாததற்கு வாலடியில் நான் அப்பிய களிம்பு. ஆனால் அவர் வாலைப் பற்றி நானும் பேச்செடுக்கவில்லை.

ஞாயிறு

அடுத்த வருஷம் ஆமையாம். படம் ஏற்கெனவே குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது.

அப்பாவுக்குப் பத்து நாளில் விமானம். இன்று பெட்டி கட்டும்போது மேஜை மேல் அவர் ஸ்கேலைப் பார்த்தேன். மகள் தன் பள்ளிக்கூட ஸ்கேலை அதன் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கோடாக ஒப்பிட்டிருக்கிறாள் போலிருக்கிறது. எஃகு ஸ்கேலின் முதுகில் வெள்ளை டேப் ஒட்டி, தமிழ்ப் பள்ளியில் படித்த எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘இது காருக்கு இள்ளை’. அப்பா அதைப் பிய்க்காமல் அப்படியே துணிக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.