ஞாயிறு வகுப்பும் அம்மாவின் சாமான் கொப்பியும்

2025 ஜனவரி 12, ஞாயிறு

முதல் வகுப்பு. திருகோணமலையில் விடிய இருந்து மழை. வாசலில் நான்கு மான்கள் ஒதுங்கி நின்றன, உள்ளே நாங்கள் பதினெட்டுப் பேர். ஏ.எல்.-இல் நான் உயிரியல் படித்தவள். இப்போது ஹாட்வெயார் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். முப்பத்தொரு வயதில் பேரினப் பொருளியல், அதாவது முழு நாட்டின் பொருளாதாரம் பற்றிய படிப்பு, எதற்கு என்று அப்பா கேட்டார். 2022 பொருளாதார நெருக்கடியில் எங்களுக்கு நடந்ததற்குப் பெயர் தெரிய வேண்டும் என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

சேர் பலகையில் "மொத்தக் கேள்வி" என்று எழுதினார். பின்வாங்கில் இருந்த தம்பி, "எத்தனை கேள்வி சேர்?" என்றான். இந்தியக் காணொளிகளில் தேவை, அளிப்பு என்கிறார்கள். எங்கள் புத்தகங்களில் கேள்வி, நிரம்பல். இரண்டையும் கலந்து எழுதினால் புள்ளி குறைப்பாராம்.

ஜனவரி 19, ஞாயிறு

மொத்த உள்நாட்டு உற்பத்தி. நுகர்வு, முதலீடு, அரச செலவு, அதோடு ஏற்றுமதியில் இருந்து இறக்குமதியைக் கழித்தது. சேர் சீனக்குடா மாவு ஆலையை உதாரணமாக எடுத்தார். கோதுமை கப்பலில் வருகிறது, அது எங்கள் உற்பத்தி இல்லை. அரைத்து மாவாக்கும்போது கூடுகிற பெறுமதி எங்களுடையது. பேக்கரிக்காரர் அதைப் பாணாக்கும்போது இன்னும் கொஞ்சம் கூடும். மாவையும் பாணையும் தனித்தனியே கூட்டினால் ஒரே மாவை இரண்டு தரம் எண்ணியதாகிவிடும். பேக்கரி வாங்கும் மாவு இடைநிலைப் பண்டம், நாங்கள் வாங்கும் பாண் இறுதிப் பண்டம். சுகமாக விளங்கியது என்றுதான் நினைத்தேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

பதினொன்றரை போல கரண்ட் போனது. வகுப்பில் மட்டும் என்று பார்த்தால் தீவு முழுக்க இல்லையாம். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாம், அமைச்சரே சொல்லிவிட்டார். "நிரம்பல் அதிர்ச்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது" என்று சேர் புத்தகத்தை மூடிவிட்டார். வியர்த்து ஒழுக வீட்டுக்கு வந்தேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

ஒப்படை தந்திருக்கிறார். உங்கள் வீட்டுக்கு ஒரு உணவு விலைச் சுட்டெண் கட்டுங்கள். 2021 செப்டெம்பர் அடி மாதம், அதை 100 என்று வைத்து 2022 செப்டெம்பரோடு ஒப்பிட வேண்டும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் உச்சிக்குப் போன மாதம் அது: 69.8 வீதம். உணவு மட்டும் பார்த்தால் 94.9.

மற்றவர்கள் பழைய விலைக்கு எங்கே போவது என்று முழிக்க, நான் மட்டும் சிரித்துக்கொண்டு இருந்தேன். எங்கள் அம்மா எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுகிறவர். அரை றாத்தல் வெங்காயத்தைக்கூட விடமாட்டார்.

மார்ச் 2, ஞாயிறு

வெள்ளிக்கிழமை பெப்ரவரிக் கணக்கு வந்தது. பணவீக்கம் சய 4.2 வீதம், அதாவது போன வருடத்தைவிட விலைகள் குறைவு. ஜனவரி 17-இல் மின்கட்டணத்தை 20 வீதம் குறைத்ததற்கு இதில் பெரிய பங்கு உண்டு. அம்மாவிடம் சொன்னேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தார்.

"விலை குறைஞ்சிருக்காமோ? இந்தத் தேங்காய் இருநூறு ரூபா. உங்கட மத்திய வங்கியில ஒருத்தரும் சம்பல் தின்னிறதில்லையா பிள்ளை?"

சராசரி, நிறை என்று விளக்கப் போனேன். நிறை என்றால் மொத்தச் செலவில் ஒரு பொருளுக்கு உள்ள பங்கு. எங்கள் வீட்டில் தேங்காயின் நிறை கொழும்புச் சுட்டெண்ணின் பொருட்கூடையில் இருப்பதைவிடக் கூட, அவ்வளவுதான் விஷயம். பாதியிலேயே "சரி, அடுப்பைப் பார்" என்று எழுப்பி விட்டார்.

மார்ச் 8, சனி இரவு

கொப்பியோடு இருந்தேன். முதலில் மண்ணெண்ணெய். ஒரு லீற்றர் 2022 ஓகஸ்டில் 87-இல் இருந்து 340-க்கு ஒரே இரவில் ஏறியது. அப்பாவின் படகுக்கு ஒரு தரம் கடலுக்குப் போக 25 லீற்றர் வேண்டும். 2,175 ரூபாவாக இருந்தது 8,500. உணவுச் சுட்டெண்தான் என்றாலும், மீன் அதில்தானே வருகிறது என்று அதையும் போட்டேன். சுட்டெண் எகிறிப் போனது. எனக்கு ஒரு அற்பப் பெருமை.

அப்புறம் பால்மா. 2021 செப்டெம்பர்: 400 கிராம் பக்கெற் நான்கு, ஒன்று 380. பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் "வரிசை". 2022 செப்டெம்பர் பக்கத்தில் பால்மாவே இல்லை. ஓகஸ்டிலும் இல்லை. யூலையில் ஒன்று. பால்மா இருந்த இடத்தில் தேயிலையும் சீனியும் மட்டும். நாங்கள் பிளேன்ரீ குடித்த மாதங்கள். அப்போது இதை நான் கவனித்ததாக ஞாபகமே இல்லை.

கொப்பியில் விலையே இல்லாத பொருளுக்கு எப்படிச் சுட்டெண் போடுவது?

மார்ச் 9, ஞாயிறு

சேர் முதலில் மண்ணெண்ணெயைச் சிவப்புப் பேனையால் வெட்டினார். "படகுக்கு ஊத்தினது இடைநிலை உள்ளீடு. பேக்கரிக்கு மாவு மாதிரி." ஜனவரியில் சுகமாக விளங்கிய அதே பாடம்.

பால்மாவுக்கு, அந்த மாதக் கடை விலையைத் தேடி எடுக்கச் சொன்னார். ஜெர்மன் பொருளியலாளர் லஸ்பயர் 1871-இல் சொன்ன முறையில் அடிமாத அளவுகளைத்தான் பிடிக்க வேண்டும்: பழைய நான்கு பக்கெற்றைப் புது விலையால் பெருக்கு. இன்னொரு ஜெர்மன்காரர் பாஷே 1874-இல் சொன்ன முறையில் புது மாதத்து அளவுகள். இரண்டையும் செய்து பார் என்றார். மக்கள் விலை கூடியதை விட்டு மலிவானதற்கு மாறுவதால் முதல் முறை கொஞ்சம் கூடக் காட்டும் என்றார். அதற்குப் பெயர் பிரதியீட்டுச் சாய்வு.

மார்ச் 15, சனி இரவு

சந்தைக்கு முன்னால் இருக்கும் கடைக்காரர் பழைய பில் கட்டைத் தேடி எடுத்துத் தந்தார். புண்ணியவான்.

லஸ்பயர்: 204. பாஷே: 181.

இருபத்துமூன்று புள்ளி வித்தியாசம் எங்கே இருந்து வந்தது என்று வரிவரியாகப் பார்த்தேன். கொஞ்சம் மீனில்: பாரைக்குப் பதில் சூடை. கொஞ்சம் பருப்பில். மிச்சம் பெரும்பாலும் பால்மா. பாஷேயில் புது மாத அளவு பூச்சியம், பூச்சியத்தை எந்த விலையால் பெருக்கினாலும் பூச்சியம். பால்மா விலை எவ்வளவு ஏறியது என்பதே அந்தக் கணக்குக்குத் தெரியாது. வாங்காமல் விட்டதால் எங்கள் வீட்டுப் பணவீக்கம் இறங்கிவிட்டது!

பாரைக்குப் பதில் சூடை என்றால் பிரதியீடு, ஒப்புக்கொள்கிறேன். பால்தேத்தண்ணிக்குப் பதில் பிளேன்ரீயும் பிரதியீடா? புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஒப்படையின் கடைசிப் பந்தியில் அளவுகளைத் தனி அட்டவணையாகப் போட்டேன்: எத்தனை பக்கெற், எத்தனை கிலோ, எத்தனை முட்டை. கேட்கவில்லைதான். புள்ளி வெட்டினாலும் வெட்டட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

ஒப்படையைக் கொடுத்தேன். சேர் அட்டவணையை நிறைய நேரம் பார்த்தார். "அம்மா இப்பவும் எழுதுறவவா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மா வாங்கி, பேனையால் குத்திக் குத்திப் பார்த்தார். 2022 யூலையில் நான் பென்சிலால் போட்டிருந்த வட்டத்தில் நின்றார்.

"இது உனக்குக் காய்ச்சல் வந்த கிழமை வாங்கினது" என்றார்.

அடுத்த கிழமை பாடம் சென்மதி நிலுவை, நாடு வெளிநாடுகளோடு செய்யும் கொடுக்கல் வாங்கல் கணக்கு.