ஹாலாங்கில் ஓர் இரவு: படகு எங்கே நங்கூரம் போடும் என்று முதலில் கேளுங்கள்

வியட்நாம் தலைநகர் ஹனோயின் பழைய நகரத் தெருக்களில் எங்கே திரும்பினாலும் ஹாலாங் படகுப் படம் போட்ட ஏஜென்சிப் பலகை ஒன்று இருக்கும். எல்லாப் படத்திலும் அதே வெள்ளைப் படகு, அதே பச்சைத் தண்ணீர். 2012இல், ஹாலாங் இருக்கும் குவாங் நின் மாகாணத்தின் நிர்வாகம் சுற்றுலாப் படகுகளுக்கெல்லாம் வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டது. அதனால் படத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. பேரத்தைத் தொடங்குமுன் கேட்க வேண்டியது இதுதான்: படகு எந்த வழியாகப் போகும், இரவு எங்கே நிற்கும்?

ஏனென்றால் 'ஹாலாங்' என்று விற்கப்படுவது உண்மையில் மூன்று கடல்பகுதிகள். நடுவில் ஹாலாங் விரிகுடா. யுனெஸ்கோ பட்டியலில் 1994இல் ஏறியது இதுதான். வடகிழக்கில் பாய் து லாங். தெற்கே, கட் பா தீவை ஒட்டி லான் ஹா. அது ஹாய் போங் நகர நிர்வாகத்தின் கீழ் வருவது. 2023இல் கட் பா தீவுக்கூட்டத்தையும் யுனெஸ்கோ அதே பட்டியலில் சேர்த்துவிட்டது. மூன்றிலும் சுண்ணாம்புப் பாறைத் தீவுகள் ஒரே மாதிரிதான் நிற்கும். கூட்டம்தான் வேறுபடும்.

நடு ஹாலாங் வழி என்றால் சுங் சோட் குகை, டி டோப் தீவு, லுவோன் குகை. சுங் சோட் பிரமாண்டமான குகை, மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லாப் படகும் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஏறக்குறைய ஒரே நேரத்தில் அங்கே ஆளை இறக்கும். குகைக்குள் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். 1962இல் ஹோ சி மின் சோவியத் விண்வெளி வீரர் கெர்மான் டிடோவை அழைத்துவந்து காட்டிய தீவுதான் டி டோப். உச்சிக்கு 400க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். மேலிருந்து தெரியும் காட்சிக்காக அந்த ஏற்றம் தகும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே சின்னக் கடற்கரையில் உட்கார்ந்துவிடலாம். இந்த வழிப் படகுகள் இரவில் நிற்க ஒதுக்கப்பட்ட இடங்கள் சிலவே. ஆகவே பல படகுகளின் விளக்கும் கரோக்கியும் சேர்ந்துதான் இரவு கழியும்.

பாய் து லாங் வழியில் வுங் வியெங் மீனவக் கிராமமும் தியென் கான் சோன் குகையும் வரும். மிதக்கும் கிராமத்தில் மக்கள் இன்னும் வாழ்கிறார்கள் என்று ஏஜென்சிக்காரர் சொன்னால் பாதிதான் உண்மை. 2014இல் அரசு அந்தக் குடும்பங்களைக் கரையில் வீடு கொடுத்துக் குடியேற்றிவிட்டது. பலர் பகலில் வந்து உங்களை மூங்கில் படகில் வைத்துத் துடுப்புப் போடுகிறார்கள். லான் ஹாவில் பெரிய குகை கிடையாது. கயாக்குக்கு ஏற்ற அமைதியான மூலைகள் நிறைய உண்டு, வியெட் ஹாய் கிராமத்துக்குச் சைக்கிளில் போய் வரலாம், இரவில் இருட்டு ஓரளவு இருட்டாகவே இருக்கும். ஒரே ஒரு இரவுதான் என்றால் என் சிபாரிசு லான் ஹா. குகை பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்பவர்கள் மட்டும் நடு ஹாலாங் போகலாம்.

கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். '2 நாள், 1 இரவு' என்று விற்பது படகில் 24 மணி நேரம்கூட இல்லை. ஹனோயில் காலை 8 மணி வாக்கில் வேன் ஏறினால், விரைவுச் சாலையில் சுமார் இரண்டரை மணி நேரம். நண்பகலில் சின்னப் படகு ஒன்றில் ஏற்றிப் பெரிய படகுக்குக் கொண்டுபோவார்கள். மறுநாள் காலை ஒன்பதரைக்கெல்லாம் கேபினைக் காலி செய்யச் சொல்லி, பத்து மணிக்குச் சாப்பாடு போட்டு, பதினொன்றரை வாக்கில் கரையில் இறக்கிவிடுவார்கள். ஹனோய் திரும்ப மாலை மூன்று, நான்காகும். அன்றிரவு வடக்கு மலை ஊரான சாபா பக்கம் போகும் ரயிலைப் பிடிக்கலாம். விமானம் மட்டும் வேண்டாம். இரண்டு இரவு எடுத்தால் நடு நாளில் பெரிய படகை விட்டு ஒரு சிறு படகில் கூட்டமில்லாத பக்கம் கூட்டிப் போவார்கள். கையில் காசும் நாளும் இருந்தால் அந்த நடு நாள்தான் பயணத்திலேயே நல்ல நாள்.

கேபின் விஷயத்தில் படுக்கை எத்தனை அகலம் என்பதைவிட ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். நங்கூரம் போட்ட பிறகும் ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அதுவும் என்ஜினும் பெரும்பாலும் பின்பக்கம், கீழ்த்தளத்தில். அதற்கு மேலேயோ பக்கத்திலேயோ கேபின் கிடைத்தால் தலையணை வழியாகவே அதிர்வு கேட்கும், டீசல் வாடையும் சேர்ந்து வரும். முன்பக்கம் அல்லது நடுப்பக்கம், மேல்தளம் என்று எழுதி வாங்குங்கள். விலை குறைந்த படகுகளில் நள்ளிரவுக்கு மேல் ஏசியை நிறுத்துவதும் உண்டு, அதையும் கேட்டுவிடுங்கள். தனியாகப் போகிறவர்களுக்குத் தனிக் கேபின் என்றால் கூடுதல் கட்டணம் பாதிக்கும் மேல் ஏறலாம். இன்னொருவருடன் பகிர்ந்துகொள்ளச் சம்மதம் என்று முதலிலேயே சொன்னால் சில ஏஜென்சிகள் ஆள் சேர்த்துத் தருவார்கள்.

கயாக் பெரும்பாலும் இருவர் உட்காருவது. பலமான ஆள் பின்னால் உட்கார வேண்டும், திசை திருப்புவது அவர் வேலை. லுவோன் குகையின் வளைவு தாழ்வானது. அதற்கடியில் நுழைந்தால் நாற்புறமும் பாறைச் சுவர் எழும்பிய ஒரு குளம். ஹாலாங் அமைந்துள்ள டோங்கின் வளைகுடாவில் கடல் ஒரு நாளைக்குப் பெரும்பாலும் ஒரே முறைதான் ஏறி, ஒரே முறைதான் இறங்கும். நம் கடற்கரையில் போல இரண்டு தடவை இல்லை. ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும் நாட்களில் வித்தியாசம் 3 மீட்டரையும் தாண்டும். நீர் ஏறியிருக்கும்போது வளைவுக்கடியில் தலைக்குமேல் இடம் குறைந்துவிடும், இறங்கும்போது குகை வாசலில் நீரின் இழுப்பு இருக்கும். நேர அட்டவணை திடீரென மாறினால் வழிகாட்டியைத் திட்ட வேண்டாம், பாதி நேரம் காரணம் இதுதான்.

பாறைகளின் அடிவாரத்தைக் கவனியுங்கள். கடல்நீர் சுண்ணாம்பைக் கரைத்துத் தின்று, நீர்மட்டத்தில் இடுப்புபோல ஒடுங்கியிருக்கும். மேல்பகுதி குடைபோல நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒடுக்கம் முழுக்கச் சிப்பி ஒட்டியிருக்கும், ஓரம் பிளேடு மாதிரி. கயாக் பாறையில் மோதப்போனால் கையால் தள்ளாதீர்கள், துடுப்பால் தள்ளுங்கள். கயாக்கிலிருந்து இறங்கும்போது வெறுங்காலும் வேண்டாம், பின்பக்கம் வார் உள்ள செருப்பு போதும்.

சைவக்காரர்களுக்கு வருவோம். மெனுவில் 'வெஜிடேரியன்' என்று டிக் அடித்தது சமையலறை வரை போய்ச் சேர்ந்ததா என்பது படகில் ஏறியவுடன் விசாரிக்க வேண்டிய முதல் விஷயம். கீரைப் பொரியலிலும் மீன் சாஸ் விழும், சூப்பின் தண்ணீர் பன்றி எலும்பில் கொதித்ததாக இருக்கும், வறுத்த காளானில் சிப்பி சாஸ் இருக்கும். 'அன் ச்சாய்' என்று சொல்லிக் கேளுங்கள். அது பௌத்தர்கள் விரத நாளில் சாப்பிடும் சைவம், மீன் சாஸும் அதில் சேராது. முட்டை வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். சோறும் டோஃபுவும் தாராளமாகக் கிடைக்கும். பையில் ஒரு பருப்புப் பொடிப் பொட்டலம் இருந்தால் கவலையே இல்லை.

இரவு ஒன்பது மணிக்குக் கணவாய் பிடித்தல் என்று ஒரு நிகழ்ச்சி உண்டு. தண்ணீர்மேல் விளக்கடித்து, மூங்கில் கழியில் தூண்டிலை மேலும் கீழும் ஆட்டுவது. வெளிச்சத்தைத் தேடித்தான் கணவாய் வரும் என்பதால் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் பார்த்துப் போங்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வானம் தெளிவாக இருக்கும், குளிரும் தாங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை மூடுபனியும் சாரலும். படத்துக்கு அழகு, தண்ணீரில் இறங்கினால் நடுக்கம். ஜூன் முதல் அக்டோபர் வரை சூறாவளிப் பருவம். 2024 செப்டம்பர் 7 அன்று யாகி புயல் நேராக இந்தக் கரையில்தான் ஏறியது. காற்று பலமானால் துறைமுக நிர்வாகம் படகுகளை விடாது. அந்த முடிவு அன்று காலைகூட வரலாம். இரவுத் தங்கலை ரத்து செய்துவிட்டுப் பகல் சுற்று மட்டும் தந்தால் எவ்வளவு பணம் திரும்பும், முழுவதும் ரத்தானால் எவ்வளவு என்று புக்கிங்கின்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாதங்களில் போனால் ஹனோயில் ஒரு நாள் உபரியாக வைத்திருப்பது நல்லது.

பாதுகாப்பைப் பற்றி ஏஜென்சிகள் பேசாது. 2011 பிப்ரவரியில் டி டோப் அருகே நங்கூரமிட்டிருந்த ஒரு படகு விடிவதற்குள் மூழ்கி 12 பேர் இறந்தார்கள். 2025 ஜூலையில் திடீர்ச் சூறைக்காற்றில் ஒரு பகல்படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். விரிகுடாவில் அலை குறைவு, வாந்தி வராது, அதனால் எல்லோரும் அசட்டையாக இருப்பார்கள். கேபினுக்குள் போனதும் லைஃப் ஜாக்கெட் எங்கே என்று பார்த்து, எடுத்து, ஒருமுறை வாரைப் பூட்டிப் பாருங்கள். ஜன்னல் முழுசாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். வானம் திடீரெனக் கறுத்துக் காற்றுக் கிளம்பினால் கதவடைத்து உள்ளே உட்காராமல், ஜாக்கெட்டுடன் வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் இருங்கள்.

பெரிய பையை ஹனோய் ஹாஸ்டலிலேயே விட்டுவிடலாம். சின்னப் படகிலிருந்து பெரிய படகுக்கு ஏறும்போது ஒரு கை சும்மா இருக்க வேண்டும். பாஸ்போர்ட் அசல்தான் கொண்டுபோக வேண்டும், பயணிகள் பட்டியலைப் பதிய அது தேவை. இ-விசா அச்சுப் பிரதியும் கூட இருக்கட்டும். ஒருமுறை எறியும் பிளாஸ்டிக்கை ஹாலாங் படகுகளில் 2019இலேயே தடுத்துவிட்டார்கள், ஆகவே நிரப்பிக்கொள்ளத் தண்ணீர் பாட்டில் ஒன்று.

கட்டணத்தில் சாப்பாடு அடங்கும், குடிப்பது பெரும்பாலும் அடங்காது. பீர், இளநீர், சில படகுகளில் தண்ணீர் பாட்டில்கூடத் தனி பில்லாகி, இறங்கும் முன் மேசைக்கு வரும். கார்டு என்றால் கூடுதலாகச் சில சதவீதம் போடுவார்கள், வியட்நாம் பணமான டாங் நோட்டாகவே கொடுத்துவிடுங்கள். 20,000 நோட்டும் 500,000 நோட்டும் இரண்டுமே நீல நிறம். மங்கலான டெக் வெளிச்சத்தில் பூஜ்ஜியத்தை எண்ணிவிட்டு நீட்டுங்கள்.