தவளைக்கு ஒரு குட்டை போதாது

மலை மேய்ச்சல் நிலங்களில் தவளைகள் குறைந்துவருவதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் குட்டைகளோடு நின்றுவிடுகிறது. என் கவலையோ குட்டைகளுக்கு இடையே உள்ள நிலத்தைப் பற்றியது.

உயர்மலைத் தவளைகள் பலவற்றுக்கு ஓராண்டுக்குள் மூன்று இடங்கள் தேவை: முட்டையிட வெயில்படும் ஆழமற்ற நீர், கோடையில் இரைதேட ஈரப் புல்வெளி, குளிர்காலத்தைக் கழிக்க அடிவரை உறையாத ஆழ்நீர் அல்லது ஊற்று. வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் கொலம்பியா புள்ளித் தவளை இப்படித்தான் வாழ்கிறது. தோல் வழியாகவும் மூச்சுவிடும் உயிர் என்பதால், இந்த இடங்களுக்கு இடையிலான வழி வறண்டால் தவளை நடுவழியிலேயே காய்ந்து மடியும்.

அந்த வழி எப்படி வறள்கிறது என்பதை, மாடுகள் ஓயாமல் இறங்கும் ஓர் ஓடைக்கரையில் குனிந்து பார்த்தாலே விளங்கிவிடும். கரையைப் பிடித்திருந்த கோரையின் வேர்கள் அறுந்து மண் சரிய, அடுத்தடுத்த வெள்ளங்களில் ஓடை தன் படுகையை ஆழமாக அறுத்துக்கொண்டே போகிறது. படுகை தாழத் தாழ இருபுறமும் நிலத்தடி நீர் இறங்கி, பஞ்சுபோல் நீரைத் தேக்கிவைத்த புல்வெளி கோடையில் வெடிக்கிறது. சேற்றில் பதிந்த குளம்புக் குழிகளில் சிக்கிய தலைப்பிரட்டைகள், கால் முளைத்துக் கரையேறும் முன்பே நீர் வற்றி இறக்கின்றன. சாணத்தால் நீரில் சத்து மிகுந்தால் பாசியும், அதைத் தின்னும் நத்தைகளும் பெருகும். சில இடங்களில் அந்நத்தைகளில் வளரும் ரிபெய்ரோயா என்ற ஒட்டுண்ணிப் புழு தலைப்பிரட்டைகளைத் தாக்குவதால் ஊனமான கால்களோடு தவளைகள் உருவாகின்றன.

வறட்சியிலோ தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை நோயிலோ ஒரு குட்டையின் தவளைகள் அற்றுப்போனாலும், வழி இருந்தால் பக்கத்துக் குட்டையிலிருந்து வேறு தவளைகள் வந்து சேரும். வழி அறுந்த குட்டையில் அழிவு நிரந்தரமாகிவிடுகிறது. தப்பிய சிலவும் நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனம்பெருக்கி வலுவிழக்கின்றன. உலகின் இருவாழ்விகளில் ஏறத்தாழ 41 விழுக்காடு அழிவு அபாயத்தில் உள்ளன என்றும், அவற்றை மிகப் பரவலாக அச்சுறுத்துவது வாழிட இழப்பே என்றும் 2023இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு கூறியதை இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

மேய்ச்சலை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் கால்நடைகளுக்காக வெட்டிய குட்டைகளிலேயே செங்கால் தவளை முட்டையிடுகிறது. அங்கே அளவான மேய்ச்சல் கரைச்செடிகள் நீரை மூடிவிடாமல் காக்கிறது. தண்ணீர்த் தொட்டியை ஓடையிலிருந்து தள்ளி மேட்டில் வைப்பதும், குட்டித்தவளைகள் கரையேறும்வரை மந்தையை வேறு சரிவுக்கு மாற்றுவதும் மேய்ப்பவரால் இயலும் காரியங்கள்தாம். வேலிக்கான பணம் குறைவாக இருந்தால், ஒரு குட்டையைச் சுற்றி வளைப்பதைவிட இரண்டு குட்டைகளை இணைக்கும் ஓடைக்கரைக்கே அதை முதலில் செலவிட வேண்டும் என்பேன்.