மால்தீனி: பந்து வருமுன் வந்து நின்றவர்

கால்பந்தில் தடுப்பாட்டக்காரர்களைக் கொண்டாடுவோர் குறைவு என்பது எனது நெடுநாளைய வருத்தம். இத்தாலியத் தடுப்பாட்டக்காரர் பாவ்லோ மால்தீனியின் ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான், ஒரு கோல் விழாமல் போவதையும் ரசிக்கக் கற்றுக்கொண்டேன்.

1985 ஜனவரியில், 16 வயதில், உதினேசே அணிக்கு எதிராக ஏ.சி. மிலானுக்குக் களமிறங்கிய அவர், 2009-இல் ஓய்வுபெறும்வரை வேறெந்தக் கிளப்புக்கும் ஆடவில்லை. 902 ஆட்டங்கள், ஏழு இத்தாலிய லீக் பட்டங்கள், ஐரோப்பியக் கிளப்புகளுக்கான உச்சப் பட்டமான ஐரோப்பியக் கோப்பை ஐந்து முறை. வலக்காலராக இருந்தும் இடப்புறத்தைக் காத்த அவர், சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதைவிட, எதிராளி எந்தப் பக்கம் திரும்புவார் என்பதைக் கணித்து முன்கூட்டியே அங்கு போய் நின்றுவிடுவார். அக்கோப்பையின் 1994 ஏதென்ஸ் இறுதிப்போட்டியில், மிலானின் நடுத்தடுப்பாளர்கள் பரேசியும் கோஸ்தகூர்த்தாவும் தடையால் ஆட முடியாதபோது நடுத்தடுப்புக்கு நகர்ந்து, பார்சிலோனாவை ஒரு கோல்கூட அடிக்க விடாமல் 4-0 வெற்றிக்குத் துணைநின்றார்.

என்னை மிகவும் நெகிழச் செய்வது வேறொன்று. 1963-இல் லண்டன் வெம்ப்ளியில் மிலான் கேப்டனாக அவருடைய தந்தை செசாரே ஏந்திய அதே ஐரோப்பியக் கோப்பையை, 40 ஆண்டுகள் கழித்து, அதே இங்கிலாந்தில், மான்செஸ்டரில், மகனும் கேப்டனாக ஏந்தினார்.

இத்தாலிக்காக 126 ஆட்டங்கள் ஆடியும் உலகக்கோப்பை அவருக்கு வாய்க்கவில்லை. 1994 இறுதியாட்டம் பெனால்டியில் பிரேசிலிடம் பறிபோனது. மிலானுக்காக ஆடிய 2005 இஸ்தான்புல் ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டியில், சக வீரர் பிர்லோ உதைத்த ஃப்ரீ கிக்கை முதல் நிமிடத்திலேயே வலக்காலால் கோலாக்கினார். இடைவேளையில் மிலான் 3-0 என முன்னிலை பெற்றிருந்தும், அன்றிரவு கோப்பை லிவர்பூலுக்கே போனது.