மூன்றை ஆறாக்கிய வரி

"எண் ஒண்ணும் மாறலைம்மா. நிறம்தான் மாறியிருக்கு."

நான் சொன்னதுதான். இன்று எடுத்துப் பார்த்தாலும் அதில் பொய் என்று ஒரு எழுத்தைக்கூடக் காட்ட முடியாது. அப்படியும் வேளச்சேரி சிக்னலில் வண்டியை நிறுத்தி நிற்கும்போது இந்த வாக்கியம் எங்கிருந்தோ வந்து காதில் விழுகிறது.

சென்னையின் 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கம்ப்யூட்டர் மாடலில் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வேலை அது. வெள்ளத்தைக் கணக்கிட ஹெக்-ராஸ், படம் வரைய நியூப்ளாட், வீடியோவாகக் கோக்க எஃப்எஃப்எம்பெக். பத்து நிமிடத்துக்கு ஒரு படம், 48 மணி நேரத்துக்கு 288 படம். விநாடிக்கு 12 என்று ஓட்டினால் 24 விநாடி வீடியோ. அடையாறு இரண்டு நாள் ஊருக்குள் ஏறி இறங்கியதை, ஒரு வாய் காபி குடிப்பதற்குள் பார்த்து முடித்துவிடலாம். மறுநாள் காலை பத்தரைக்குக் கூட்டம். சாயங்காலம் ஏழு மணிக்கு எம்.டி. என் பின்னால் வந்து நின்று வீடியோவை இரண்டு தரம் ஓட்டச் சொன்னார்.

"ஏம்ப்பா, இவ்ளோ சிவப்பா இருக்கே. பாக்கிறவங்க பயந்துட மாட்டாங்களா?"

"ஆழம் அப்படித்தான் சார் வருது."

"ஆழத்தை நான் ஒண்ணும் சொல்லலைப்பா. சிவப்பைக் கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா பாரு."

அவர் போய்விட்டார். உத்தரவு என்றுகூட அதைச் சொல்ல முடியாது. முடியுமா பாரு என்றார், அவ்வளவுதான். நான் பார்த்தேன். முடிந்தது. ஸ்கிரிப்டில் நிறத்தின் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் சொல்லும் வரி ஒன்று உண்டு: செட் சிபிரேஞ்ச், பூஜ்யம் முதல் மூன்று வரை, மீட்டர் கணக்கில். அதில் மூன்றை ஆறாக்க ஃபைலைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. கட்டளைகளை டைப் செய்யும் டெர்மினலிலிருந்தே மாற்றிவிடலாம், அதற்கான கட்டளையின் பெயரும் செட்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கடைசி எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. என்டர் தட்டினேன். 288 படமும் புதிதாக வரைந்து முடிய ஆறு நிமிடம். சர்வரில் திரை கிடையாது. வரைந்த படத்தை நாமாக இறக்கிப் பார்த்தால்தான் உண்டு. அந்த ஆறு நிமிடமும் கறுப்புத் திரையில் எண்கள் மட்டும் ஓடின: 0001, 0002, 0003. முன்னால் பூஜ்யம் போட்டு எண் கொடுக்காவிட்டால் 10-ஆம் படம் 2-க்கு முன்னால் வந்து நின்று வெள்ளம் துள்ளும். அதில் எல்லாம் நான் ரொம்பக் கவனம்.

ஜூனியர் டீ வாங்கிக்கொண்டு திரும்பியபோது புது வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை, வெளிர் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கடைசியில் கருஞ்சிவப்பு என்று நாங்கள் வைத்திருந்த வரிசை. ஆற்றுப் படுகை மட்டும் சிவந்திருக்க, ஊர் முழுக்க மோர் தெளித்ததுபோல வெளுத்துக் கிடந்தது.

"சார், மத்தியானம் இந்த இடமெல்லாம் ஆரஞ்சா இருந்துச்சே. ரன்னை மாத்திட்டீங்களா?"

"இல்லம்மா, ஸ்கேலை மாத்தினேன்." அப்புறம்தான் அந்த வாக்கியம்.

அவள் டீயை என் மேஜையில் வைத்துவிட்டுத் திரையில் ஒரு இடத்தைத் தொட்டாள். முடிச்சூர். "இது எங்க தெரு சார். நான் அப்ப டென்த். நாலு அடி நின்னுச்சு, மொட்டை மாடியிலதான் ரெண்டு ராத்திரி இருந்தோம்."

நான் செய்தது என்ன தெரியுமா? அந்தக் கட்டத்தின் மதிப்பை எடுத்துக் காட்டினேன். 1.21 மீட்டர். "பாரு, நாலு அடிதான் வருது. மாடல் சரியாத்தானே இருக்கு?" உண்மையில் எனக்குச் சந்தோஷம். களத்தில் ஒருவர் பார்த்த ஆழமும் கணக்கில் வந்த ஆழமும் இப்படி ஒட்டி வருவது எங்கள் தொழிலில் தினமும் நடப்பதில்லை.

"ஆமா சார், சரியாத்தான் இருக்கு" என்றாள். டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த "சரியாத்தான் இருக்கு"தான் என்னை விட மாட்டேன் என்கிறது. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டு முடித்திருப்பேன். என்னிடம் நியாயம் இல்லாமலும் இல்லை. மாடலில் அதிகபட்ச ஆழம் 5.8 மீட்டர். மூன்றில் எல்லை வைத்தால் மூன்றுக்கு மேல் உள்ளதெல்லாம் ஒரே கருஞ்சிவப்பு; ஆற்றில் எங்கே ஆழம், எங்கே மேடு என்று தெரியாது. ஆறில் வைத்தால் தரவு முழுவதும் உள்ளே அடங்கும். பக்கத்தில் நிறப்பட்டையும் இருக்கிறது, எண்ணும் போட்டிருக்கிறது. எந்தப் பாடப்புத்தகக்காரரும் ஆறைத்தான் ஒத்துக்கொள்வார். மூன்று மட்டும் என்ன, வானத்திலிருந்தா வந்தது? முதல் நாள் நானாக, பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது என்று வைத்த எண்தானே.

சரி. ஆனால் இந்தக் காரணம் என் தலைக்கு வந்தது, என்டர் தட்டிய பிறகு, அவள் கேட்ட பிறகு. தட்டும்போது மனதில் இருந்தது சிவப்பைக் குறைப்பது மட்டும்தான். ஆறுக்குப் பதில் பத்து என்று போட்டால் இன்னும் வெளுக்குமே என்று ஒரு நொடி யோசித்ததும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்று. அதே மாடலுக்கு உள்ளே போன எண்கள் தனி ஃபைல்களில் இருக்கின்றன. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த விநாடிக்கு 29,000 கன அடி. இந்த 29,000-ஐ 14,500 ஆக்கு என்று யாராவது சொல்லியிருந்தால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பேன், வேலையே போனாலும் சரி என்று. நிறத்தின் எல்லையை இரட்டிப்பாக்கினால் 1.2 மீட்டர் தண்ணீர் கண்ணுக்கு 60 சென்டிமீட்டராகிறது. இதற்கு நான் எழுந்திருக்கவில்லை. ஃபைலில் உள்ள எண்ணைத் தொடுவது மோசடி, திரையில் உள்ள எண்ணைத் தொடுவது அலங்காரம் என்று யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? இரண்டும் அதே கீபோர்டில், அதே டெர்மினலில் அடித்ததுதான்.

வேடிக்கை என்னவென்றால், நிறத்தைப் பற்றி ஆபீஸில் அதிகம் பேசுகிற ஆள் நான். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் வானவில் வண்ண வரிசையைத் தொடாதே என்று அரை மணி நேரம் பேசுவேன். மேட்லேப் என்ற கணக்கு மென்பொருளில் 2014 வரை அதுதான் இயல்பாக வரும். நடுவில் உள்ள மஞ்சள் கண்ணில் அடித்து, இல்லாத எல்லைக்கோட்டை இருப்பதுபோலக் காட்டும். பைத்தானில் படம் வரையும் மேட்பிளாட்லிப் தன் 2.0 பதிப்பில் விரிடிஸ் என்ற வேறு வண்ண வரிசைக்கு மாறியதைக்கூட ஏதோ நானே மாற்றியதுபோலச் சொல்வேன். அனிமேஷனுக்கு என் முதல் பாடம் இன்னும் அடிப்படையானது. எல்லையைச் சொல்லாமல் விட்டால் நியூப்ளாட் ஒவ்வொரு படத்திலும் உள்ள அதிகபட்சத்தை மேல் எல்லையாக எடுத்துக்கொள்ளும். முதல் மணி நேரத்தின் கணுக்கால் தண்ணீரும் சிவப்பு, இருபதாவது மணி நேரத்தின் ஆளுயரத் தண்ணீரும் சிவப்பு. அதனால் எல்லையைப் பூட்டு, 288 படத்துக்கும் ஒரே பூட்டு. அந்தப் பெண்ணுக்கும் இதைத்தான் சொன்னேன், நோட்டில் எழுதிக்கொண்டாள். எந்த எண்ணில் பூட்டுவது என்று அவள் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை. எனக்கே அப்படி ஒரு கேள்வி இருப்பது உறைக்கவில்லை.

கூட்டம் ஒன்றுமில்லாமல் முடிந்தது. "நல்லா இருக்கு" என்றார்கள். ஒருவர் லோகோவை இடது பக்கம் நகர்த்தச் சொன்னார். அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வீடியோ ஓடிய 24 விநாடியும் நான் திரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தேன். அவள் லேப்டாப்பில் ஏதோ டைப் செய்துகொண்டிருந்தாள். ஏழெட்டு மாதம் கழித்து மேல்படிப்புக்குப் போய்விட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று சில ராத்திரி நினைப்பேன். இருக்காது. தன் ஒரு வரியால் அடுத்தவர் வாழ்க்கையே திரும்பியது என்று நினைப்பதும் ஒரு கர்வம்தான்.

பழைய கட்டளை ஒன்றைத் தேட, கன்ட்ரோலும் ஆரும் அழுத்தி இரண்டு எழுத்து அடித்தேன். வந்து நின்றது அந்த வரி. மூன்றை எடுத்து ஆறைப் போடு. அப்படியே, அன்று அடித்தபடியே. மவுஸால் ஒரு பட்டையை இழுத்து மாற்றியிருந்தால் தடயமே இருந்திருக்காது, எம்.டி.யும் மறந்திருப்பார், நானும் மறந்திருப்பேன். எங்கள் சர்வரில் ஹிஸ்டரி, அதாவது அடித்த கட்டளைகளின் பட்டியல், 2,000 வரி வரைதான் வைத்திருக்கும், அதற்கு மேல் பழையது கீழே விழுந்துவிடும். எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். விழ இன்னும் நானூறு சொச்சம் பாக்கி இருந்தது. அந்த நானூறை என்ன செய்வது என்று தெரியாமல் எஸ்கேப் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது. ஆற்றுப் படுகைக் கட்டங்களைத் தனியாகப் பிரித்து, அவற்றுக்கு மதிப்பே இல்லை என்று குறித்துவிட்டால் நியூப்ளாட் அவற்றை வரையாமல் தாண்டிப் போகும். ஆக் என்ற கட்டளையில் ஒரு வரி போதும். தெருக்களுக்கு மட்டும் பூஜ்யம் முதல் இரண்டு வரை என்று அளவு வைக்கலாம். மார்பளவுத் தண்ணீர் மார்பளவாகவே தெரியும். அன்று ராத்திரி பத்து நிமிடத்தில் செய்திருக்கலாம். அடுத்து வந்த கோவளம் பக்கத்து வேலையில் அப்படித்தான் செய்தேன். கொஞ்சம் பெருமையோடு எம்.டி.யிடம் காட்டினேன்.

"தண்ணி எங்கேர்ந்துப்பா வருது? வாய்க்காலையே காணோமே" என்றார்.

அவர் சொன்னதும் சரிதான். வாய்க்கால் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு ஓட்டை. சுற்றிலும் தெருக்கள் தானாக ஊறிச் சிவந்ததுபோல இருந்தது. சாம்பல் நிறத்தில் வாய்க்காலை வரைந்து சேர்த்தேன். சாம்பல் என்றால் அங்கே தண்ணீரே இல்லை என்று ஒருவர் புரிந்துகொண்டார்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அதே பாடம் எடுத்தேன். வானவில் வேண்டாம், எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போடு, எல்லையைப் பூட்டு. அவன் எழுதிக்கொண்டே நிமிர்ந்தான்.

"சார், மேல் எல்லை எவ்வளவு வைக்கட்டும்?"

யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி. ஆறும் மூன்றும் முடிச்சூரும் நாக்கு நுனி வரை வந்தன.

"நீயே பாத்து வைப்பா. பூட்டிடு, போதும்" என்றேன்.

அவன் நாலு வைத்திருந்தான். ஏன் நாலு என்று நான் கேட்கவில்லை.