அப்பாவின் 'லு'

அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாத்தாவின் பெயர் இருக்கிறது. என் பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் அப்பாவின் பெயர். இதை நம்மவர்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாரிஸில் இருக்கும் ஓர் அதிகாரிக்கு விளக்க எனக்கு மூன்று வருடம் ஆனது.

2015இல் அம்மா மயிலாடுதுறை வீட்டைக் காலி செய்துவிட்டு என்னுடன் சிங்கப்பூர் ஈசூனுக்கு வந்தார். கூடவே ஒரு தகரப் பெட்டியும் வந்தது. "இவ்வளவு கனமா என்னம்மா இருக்கு?" என்றேன். "உங்க அப்பா" என்றார். அப்பா 1989இல், எனக்கு ஆறு வயதில், இறந்துபோனார். பெட்டிக்குள் அவருடைய பிரெஞ்சு பாஸ்போர்ட், புதுச்சேரி கான்சுலேட்டில் பதிந்துகொண்ட அட்டை, பிரான்சில் ராணுவத்தில் இருந்தபோது எடுத்த படம் ஒன்று, அப்புறம் தாத்தாவின் பென்ஷன் புத்தகம்.

தாத்தா காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்துக்காரர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் வரை போய்வந்தவர். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்பார்கள், வீட்டைச் 'சொல்தா வீடு' என்பார்கள். காரைக்கால்காரருக்கு இந்தக் கதை தெரியும், சிங்கப்பூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பக்கம் கீழூரில், புதுச்சேரி, காரைக்கால் முதலிய பிரெஞ்சுப் பகுதிகளின் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி ஊர் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். இடைப்பட்ட எட்டு வருடம் எங்கள் ஊர் இந்தியக் கொடியின் கீழ் இருந்த பிரெஞ்சு மண். கடைசியில் ஒப்பந்தம் சொன்னது இது: இந்த மண்ணில் பிறந்து இங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் இனி இந்தியர்கள். பிரெஞ்சாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா எழுதிக் கொடுத்தால் பதினெட்டு வயதுக்குக் கீழ் இருக்கும், கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கும் அதுவே பொருந்தும்.

தாத்தா 1963 ஜனவரியில் எழுதிக் கொடுத்தார். பிரான்சின் மேல் பாசமா என்று அம்மாவிடம் கேட்டேன். "பாசமாவது! பென்ஷன் போயிடும்னு பயம்" என்றார். அந்தக் கையெழுத்தால் ஒன்பது வயது அப்பாவும் ஐந்து வயது அத்தையும் பிரெஞ்சுக்காரர்களாகவே வளர்ந்தார்கள். பிரெஞ்சுத் தந்தைக்குப் பிறந்த நானும் பிறந்த நாளிலிருந்தே பிரெஞ்சுக்காரி. இது எனக்குத் தெரியவந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. கையில் இந்தியப் பாஸ்போர்ட்டும் சிங்கப்பூர் நிரந்தரவாசியின் நீல ஐசியும் (அடையாள அட்டை) இருந்தன.

எதற்கு இந்த வேலை என்று கணவர் கேட்டார். அவர் செம்பவாங்கில் பிறந்து வளர்ந்தவர், குடிமக்களுக்கான இளஞ்சிவப்பு ஐசிக்காரர். ஒரே நாடு, ஒரே ஐசி, அதோடு முடிந்தது என்பது அவர் கட்சி. ஐரோப்பாவுக்குப் போகப் போகிறாயா? இல்லை. வேலைக்கா? இல்லை. உண்மையைச் சொன்னால் வீம்பு. அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது என்று இந்த உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

பிரெஞ்சுக் குடியுரிமையை இனிமேல்தான் வாங்க வேண்டியவருக்கு ஒரு வழி. ஏற்கெனவே இருப்பதை நிரூபிக்க வேண்டியவருக்கு வேறு வழி. எனக்கு வேண்டியது பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்றிதழ். வெளிநாட்டில் பிறந்து வெளிநாட்டிலேயே வாழ்கிறவர்களின் மனு பாரிஸ் நீதிமன்றத்தின் குடியுரிமைப் பிரிவுக்குப் போகும். நான் மனு போட்டபோது கட்டணம் கிடையாது. மொழித் தேர்வு கிடையாது, தேசிய கீதம் பாடச் சொல்வதில்லை. 'மெர்சி'க்கு மேல் பிரெஞ்சு தெரியாத எனக்கு இது பெரிய நிம்மதி. அவர்கள் கேட்பதெல்லாம் ஒரு சங்கிலி. தாத்தா பிரெஞ்சுக்காரர், அவர் மகன் அப்பா, அவர் மகள் நான். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பதிவேட்டு நகல், அதுவும் முழு நகல்.

2016இல் மனு போட்டேன். இந்தியக் காகிதங்களை வெளிநாட்டில் ஏற்க வைக்கும் அப்போஸ்டில் முத்திரை, அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு என்று ஓடிய கதையை விட்டுவிடுகிறேன், அது எல்லோருக்கும் ஒன்றுதான். ஓடியது நான் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும். நான் ஈசூனில் உட்கார்ந்து வாட்ஸ்அப் அனுப்பினேன். ஓடியவர் அத்தான், அத்தையின் மகன். காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையை அத்தையிடம் விட்டுவிட்டு மெரிக்குப் போய் வரிசையில் நிற்பார். நகராட்சி அலுவலகத்தை வீட்டில் இன்னும் 'மெரி' என்றுதான் சொல்கிறோம்.

ஒரு வருடம் கழித்து பாரிஸிலிருந்து கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்கம். சாரம் இதுதான்: 1953இல் பிறந்த பிரெஞ்சுக்காரரும், உங்கள் பிறப்புச் சான்றிதழில் தந்தை என்று குறிப்பிடப்பட்டிருப்பவரும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?

அப்பாவின் பெயர் 'வேலு' என்று முடியும். (முழுப்பெயர் வேண்டாம், அம்மாவுக்குப் பிடிக்காது.) பிரெஞ்சில் 'யூ' எழுத்தைத் தனியாகப் போட்டால் உதட்டைக் குவித்து வேறு மாதிரி உச்சரிப்பார்கள். நம் 'உ' வேண்டும் என்றால் ஓ, யூ (ou) இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். அதனால்தான் புதுச்சேரி, காரைக்கால் பழைய காகிதங்களில் முருகனுக்கு இரண்டு இடத்தில் ஓ வரும். 1953இல் மெரி எழுத்தர் பிரெஞ்சு முறைப்படி அப்பாவுக்கு ஓ போட்டிருந்தார். 1983இல் என் பிறப்பைப் பதிந்தவர் ஆங்கில முறைப்படி ஓ இல்லாமல் எழுதியிருந்தார். போதாக்குறைக்கு அப்பாவின் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல். அந்த ஒற்றை எழுத்து தாத்தாவின் பெயர் என்பதை பாரிஸ்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

குடும்பப் பெயர் இருந்திருந்தால் இந்தச் சிக்கல் பாதி குறைந்திருக்கும். 1881இல் வந்த ஓர் ஆணையின்படி, தங்கள் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் தங்களுக்கு ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். அந்தக் குடும்பங்களில் பாட்டன் முதல் பேரன் வரை ஒரே பெயர் வரும். எங்கள் முன்னோர் யாரும் அதற்குப் போகவில்லை. அப்பன் பெயரே போதும் என்று இருந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"தாசில்தார்கிட்ட 'இருவரும் ஒருவரே'ன்னு சான்று வாங்கி அனுப்பட்டுமா?" என்று அத்தான் கேட்டார். அனுப்பினார். அதற்குப் பாரிஸ் அசையவில்லை. இன்று ஒருவர் எழுதிக் கொடுக்கும் சான்று அவர்களுக்குப் பொருட்டில்லை, அன்று எழுதியது வேண்டும்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்கு அத்தானிடமிருந்து ஒரு படம் வந்தது. என் பிறப்பு பதிவான பதிவேட்டின் முழுப் பக்கம். நாங்கள் அதுவரை அனுப்பியது தட்டச்சு செய்த சான்றிதழ்தான், மூலப் பக்கத்தை யாரும் பார்த்ததில்லை. ஊதா மை. கடைசிக் கட்டத்தில், தகவல் தந்தவர் கையெழுத்து போட வேண்டிய இடத்தில், அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். 'லு'வின் வாலை இடது பக்கமாக நீட்டி, பெயர் முழுவதற்கும் அடிக்கோடு போல இழுத்திருந்தார்.

அந்த வாலை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். பெட்டியைத் திறந்து அப்பா அம்மா கல்யாணப் பதிவின் நகலை எடுத்தேன். 1980, காரைக்கால் மெரி. கோயிலில் தாலி கட்டிய கையோடு மெரிக்குப் போய்ப் பதிவது சொல்தா வீட்டு வழக்கம், எல்லாம் அதே பென்ஷன் பயம்தான். எழுத்தர் அப்பாவின் பெயரை பிரெஞ்சு முறையில், ஓ போட்டு, பிறந்த தேதியோடும் பிறப்புப் பதிவு எண்ணோடும் எழுதியிருந்தார். கீழே அப்பா தமிழில் கையெழுத்து. அதே லு, அதே வால்.

பாரிஸ் கேட்டது ஓ உண்டா இல்லையா என்று. அப்பா இரண்டு இடத்திலும் எழுதியது ஒரே எழுத்தைத்தான். தமிழில் 'லு'வுக்கு வேறு எழுத்துக்கூட்டே இல்லையே.

புதுச்சேரி மொழிபெயர்ப்பாளர் இரண்டு பக்கங்களையும் மொழிபெயர்த்து, இந்த எழுத்து பிரெஞ்சில் எப்படி, ஆங்கிலத்தில் எப்படி எழுதப்படும் என்று கீழே நான்கு வரி குறிப்பும் சேர்த்தார். 2019இல் சான்றிதழ் வந்தது. ஒரே ஒரு தாள். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா?" என்றார்.

அடுத்து நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. குளுனி பார்க் ரோட்டில் உள்ள பிரெஞ்சுத் தூதரகத்தில் பாஸ்போர்ட். இந்தியா இரண்டு பாஸ்போர்ட்டை ஒத்துக்கொள்ளாது, அதனால் கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பழையதை ஒப்படைத்தேன். அதைக் கவுன்டரில் நீட்டும்போது கை கொஞ்சம் தயங்கியது, மறைப்பானேன். பிறகு இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை. காலாங் ரோட்டில் உள்ள குடிநுழைவு ஆணையமான ஐசிஏவில் நிரந்தரவாசத்தைப் புது பாஸ்போர்ட்டுக்கு மாற்றிக்கொண்டேன். 2022 ஜூனில் பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கும் போட்டேன். வெளிநாட்டு பிரெஞ்சுக்காரர்களுக்கு உள்ள பதினொரு தொகுதிகளில் சிங்கப்பூர் பதினொன்றாவது. இந்தியாவும் அதே தொகுதிதான். ஆக காரைக்காலில் மிச்சமிருக்கும் சொல்தா வீட்டுக்காரர்களுக்கும் ஈசூனில் இருக்கும் எனக்கும் ஒரே எம்.பி.

மகள் 2012இல் இங்கே பிறந்தவள், சிங்கப்பூர்க் குடிமகள். சட்டப்படி அவளும் பிரெஞ்சுதான், ஆனால் நான் இன்னும் எங்கும் பதியவில்லை. பெரியவர்கள் இரண்டு குடியுரிமை வைத்துக்கொள்ள சிங்கப்பூர் விடாது. அவளுக்கு இருபத்தொரு வயதில் ஒரு தலைவலியைத் தயார் செய்து கொடுப்பானேன் என்கிறார் கணவர். இந்த விஷயத்தில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அத்தானைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. என் காகிதங்களுக்கு அலைந்ததில் அவருக்கும் ஆசை வந்து 2017இல் மனு போட்டார். என்னுடையதைவிடச் சுத்தமான கோப்பு. அத்தையின் பிறப்புப் பதிவு, தாத்தா எழுதிக் கொடுத்த பத்திரத்தின் நகல், எல்லாம் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தியது. ஓ கூட விட்டுப்போகவில்லை. 2020இல் மறுத்துவிட்டார்கள்.

பிரெஞ்சு சிவில் சட்டத்தில் 30-3 என்று ஒரு பிரிவு இருக்கிறது. முன்னோர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டிருக்க, மனுதாரரும் சரி, அவருக்குக் குடியுரிமையைக் கொடுத்திருக்க வேண்டிய தாயோ தந்தையோ சரி, அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரராக நடந்துகொண்டதற்கும் நடத்தப்பட்டதற்கும் அடையாளமே இல்லை என்றால், 'பரம்பரையாக எனக்கு வந்தது' என்று நிரூபிக்கவே அனுமதி கிடையாது. 1962இலிருந்து எண்ணினால் எங்கள் ஊருக்கு அந்த ஐம்பது வருடம் 2012இல் முடிந்துவிட்டது. அப்பாவிடம் பாஸ்போர்ட் இருந்தது, கான்சுலேட் அட்டை இருந்தது, அதனால் நான் தப்பித்தேன். அத்தைக்குக் கல்யாணத்துக்குப் பிறகு அதெல்லாம் தேவைப்படவில்லை. ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையுமாக இருந்துவிட்டார். ஒரே தாத்தா, ஒரே கையெழுத்து.

செய்தியை அத்தான் என்னிடம் இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னார். "வுடும்மா, எனக்கு அங்க என்ன ஜெராக்ஸ் கடையா வைக்கப் போறாங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு, அவருக்கு என்ன கொடுக்கலாம் என்று ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தாத்தாவின் பென்ஷன் புத்தகத்தை எடுத்துப்போனேன். அத்தையிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பியவர், தாத்தாவின் கையெழுத்து வந்த இடத்தில் விரலை வைத்து, "இந்தா பாருடா, எங்கப்பா எழுத்து" என்று அத்தானைக் கூப்பிட்டார். அத்தான் எழுந்து வந்து பார்த்தார். பார்த்த கையோடு புத்தகத்தை வாங்கிக்கொண்டு கடைக்குப் போய், மூன்று நகல் எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. மூன்றாவது எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார்.