ஞாயித்துக்கிழமை போய் காலேஜ் பாக்காதீங்க: சென்னைக்கு வர்ற வெளியூர் பசங்களுக்கு

நேத்து ராத்திரி தங்கச்சிக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல ரெண்டாவது ரவுண்டு அலாட்மெண்ட் வந்துருச்சு. லிஸ்ட்ல நாலாவது சாய்ஸ். அம்மா அழுதுட்டாங்க, அப்பா தறிய நிறுத்திட்டு எந்திரிச்சு வந்து போன வாங்கிப் பாத்தாங்க. எனக்கு மூணு வருஷமா நெஞ்சுல இருந்த ஒண்ணு நேத்துதான் எறங்குச்சு, அதான் தூக்கம் வராம இத எழுதுறேன். கவுன்சிலிங் எப்படி நடக்கும், கட் ஆஃப் எப்படி போடணும்னு உங்களுக்கே தெரியும், அதெல்லாம் சொல்லப் போறதில்ல. மெட்ராஸ்ல யாரையும் தெரியாத வீட்ல இருந்து லிஸ்ட் போடுறவங்களுக்கு மட்டும் இது.

எங்க ஊரு சங்கரன்கோவில் பக்கம். நான் 2022ல சாய்ஸ் ஃபில்லிங் பண்ணப்ப எனக்கு சென்னைன்னா எக்மோர், மெரினா, வேளச்சேரில இருக்க சித்தப்பா வீடு, அவ்வளவுதான். போன வருஷ கட் ஆஃப எடுத்து மேல இருந்து கீழ அப்படியே வரிசையா அடுக்குனேன். காலேஜ் பேருக்குப் பக்கத்துல சென்னைன்னு போட்டிருந்தா அது சென்னைன்னு நெனச்சேன். அதுல பாதி காலேஜ் திருவள்ளூர் மாவட்டம், காஞ்சிபுரம் மாவட்டம், செங்கல்பட்டு மாவட்டம். உண்மையிலேயே ஊருக்குள்ள இருக்குறதுன்னா அண்ணா யுனிவர்சிட்டியோட கிண்டி கேம்பஸ், அப்பறம் எண்ணி சொல்லிரலாம். மத்ததெல்லாம் ஜி.எஸ்.டி. ரோடு, ஓ.எம்.ஆர்., பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ஹைவே, திருவள்ளூர் ரோடுன்னு நாலு பக்கமும் சிதறிக் கெடக்கு. ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் தெனம் போய்ட்டு வர்றது வெளியூர் போய்ட்டு வர்ற மாதிரிதான்.

எனக்கு மொதல்ல கெடச்சது தாம்பரம் தாண்டி ஒரு காலேஜ், லிஸ்ட்ல பதினொண்ணாவது. அக்செப்ட் அண்ட் அப்வேர்ட் குடுத்தேன், அதாவது இந்த சீட்டு இருக்கட்டும், லிஸ்ட்ல மேல இருக்குறது காலியானா அங்க மாத்திருங்கன்னு. ஏன்னா எல்லாரும் அதத்தான் குடுக்கச் சொன்னாங்க. அப்வேர்ட்ல எட்டாவது சாய்ஸுக்கு ஏறிருச்சு. அது திருவள்ளூர் மாவட்டத்துல, பூந்தமல்லியெல்லாம் தாண்டி. ஏறிருச்சுன்னா பழைய சீட்டு போச்சு, எனக்கு கீழ இருந்ததே போதும்னு அதுக்கப்பறம் கேக்க முடியாது. அந்தக் காலேஜ நான் ஏன் எட்டாவதா போட்டேன்னா போன வருஷ கட் ஆஃப் அரை மார்க் ஜாஸ்தி. வேற ஒரு காரணமும் கெடையாது. அரை மார்க்குக்காக நாலு வருஷத்த அங்க கொண்டுபோய் வச்சுட்டேன்.

நீங்க இத மட்டும் ஞாபகம் வச்சா போதும். லிஸ்ட்ல ஒரு காலேஜுக்கு மேல எதப் போடுறீங்களோ, அது கெடச்சா இத விட்டுட்டு அங்க போயிருவேன்னு எழுதிக் குடுக்குறீங்கன்னு அர்த்தம். மனசார போகமாட்டேன்னு தோணுற காலேஜ சும்மா இருக்கட்டும்னு மேல வைக்காதீங்க. வச்சா அது சும்மா இருக்காது.

சேருறதுக்கு முன்னாடி நானும் அப்பாவும் போய் பாத்தோம். ஞாயித்துக்கிழமை. அப்பாவுக்கு அன்னைக்குதான் லீவு. சித்தப்பா பைக்க எடுத்துட்டு வேளச்சேரில இருந்து கெளம்புனோம், அம்பது நிமிஷத்துல போயிட்டோம், ரோடு காலியா கெடந்துச்சு. வாட்ச்மேன் கேட்டத் திறந்து விட்டாரு, மரமெல்லாம் பாத்துட்டு, அப்பா நல்லாத்தான்யா இருக்குன்னாங்க. சித்தப்பா வீட்லயே தங்கிக்கலாம், சாப்பாட்டுக்கு கவலையில்லன்னு முடிவாயிருச்சு.

காலேஜ் தொறந்த அன்னைக்கு பஸ் காலைல 6.10க்கு. போய்ச் சேரும்போது எட்டே கால். கத்திப்பாரா, போரூர், பூந்தமல்லி. அந்த ரோடு முழுக்க மெட்ரோ வேலை, நடுவுல தகரம் அடிச்சு பாதி ரோட அடச்சு வச்சிருந்தாங்க. சாயங்காலமும் அதே கதை, மழை பேஞ்சா ஏழு மணி ஏழரை ஆயிரும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பஸ்ல. பஸ் ஃபீஸ் தனி. பஸ்ல படிச்சுக்கலாம்னு சொல்லுவாங்க, சில பேரால முடியுது, என்னால முடியல, எனக்கு தலை சுத்தும். எனக்கு ஏழு மணி நேரம் தூக்கம் இல்லன்னா எதுவுமே மண்டைல ஏறாது. மொத செமஸ்டர்ல ரெண்டு அரியர், அதுல ஒண்ணு மேத்ஸ். பன்னெண்டாவதுல மேத்ஸ்ல 96 எடுத்தவன் நான். வீட்ல சொல்றதுக்கு பதினஞ்சு நாளாச்சு.

சித்தி ஒரு நாள் கூட மூஞ்ச காமிச்சதில்ல, அஞ்சு மணிக்கு எந்திரிச்சு டப்பா கட்டிக் குடுத்தாங்க. அவங்க அப்படிப் பாத்துக்கிட்டதாலயே எனக்கு ரூம் எடுத்துப் போறேன்னு சொல்ல வாய் வரல. சொந்தக்காரங்க வீடுன்னா இது ஒண்ணு இருக்கு. காசு மிச்சம், ஆனா நீங்க கெளம்பணும்னு நெனச்சாலும் சட்டுன்னு கெளம்ப முடியாது.

கடைசில தண்ணி வந்துதான் கெளப்பி விட்டுச்சு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். சித்தப்பா வீடு தரைத்தளம். ராத்திரி பாத்ரூம் வழியா மொதல்ல ஏறுச்சு, விடியுறதுக்குள்ள கட்டிலுக்கு மேல. ரெண்டு நாள் மாடி வீட்டுக்காரங்க கூட இருந்தோம், கரண்ட் இல்ல, டவர் இல்ல. என் ரெக்கார்டு நோட்டு, புக்கு எல்லாம் ஊறிப் போச்சு. அதுக்கப்பறம்தான் தெருமுனைல அயன் பண்றவரு சொன்னாரு, 2015லயும் இந்தத் தெருவுல கதவு நெலை வரைக்கும் நின்னுச்சு தம்பின்னு. சித்தப்பா அங்க வந்ததே 2018ல, அவங்களுக்கு யாரும் சொல்லல. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்துலயே இருக்கு, நாலாபக்க ஏரித் தண்ணியும் அங்கதான் போய்ச் சேரணும், நடுவுல வீடா கட்டி வச்சா எங்க போகும். மேற்கு தாம்பரம் தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமும் 2015ல அடையாறு ஏறி மாடி வரைக்கும் தண்ணி போன ஏரியா.

அதுக்கப்பறம் பூந்தமல்லில ரெண்டு சீனியர் கூட ரூம். காலேஜுக்கு இருபது நிமிஷம். அடுத்த செமஸ்டர்ல அரியர் ரெண்டும் கிளியர் பண்ணிட்டேன். நான் புதுசா ஒண்ணும் படிக்கல, தூங்குனேன், அவ்வளவுதான்.

இனிமே தங்கச்சி விஷயம். ஜூன்ல அம்மாவையும் அவளையும் பொதிகை எக்ஸ்பிரஸ்ல வரச்சொன்னேன். செவ்வாய், புதன், வியாழன். வீட்ல சொந்த வேலை மாதிரி மூணு நாள் இதையே பண்ணோம். எந்த ஏரியால தங்கலாம்னு நெனச்சமோ அங்க காலைல ஆறே முக்காலுக்கு போய் நின்னு, அவ தெனம் எப்படி போவாளோ அப்படியே ட்ரெயின்ல, ஷேர் ஆட்டோல, பஸ்ல காலேஜ் கேட் வரைக்கும் போய் டைம் பாத்தோம். திரும்பி வர்றதும் மத்தியானம் இல்ல, சாயங்காலம் நாலரைக்கு மேல. காலைல 40 நிமிஷம் ஆன ஒரு காலேஜ் சாயங்காலம் ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. 23 காலேஜ் வச்சிருந்தோம், ஊருக்குப் போகும்போது 14தான் இருந்துச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல போனத அம்மாவே பேனா வச்சு அடிச்சுட்டாங்க. லிஸ்ட் சின்னதாயிட்டா ரிஸ்க் இல்லையான்னு கேப்பீங்க. ரேங்க் பாத்து, கெடைக்கவே கெடைக்கும்ங்கிற மூணு காலேஜ கடைசில வச்சிருந்தோம், அதுவும் போய் பாத்த காலேஜுதான். போன வருஷ கட் ஆஃப விட உங்க கம்யூனிட்டில எந்த ரேங்க்ல சீட்டு முடிஞ்சுதுன்னு பாருங்க, கட் ஆஃப் வருஷா வருஷம் ஏறி எறங்கும்.

மூணு நாள் சென்னை வந்து போக எல்லார் வீட்லயும் முடியாது, தெரியும். ஒரு நாள்தான் முடியும்னா டாப் அஞ்சு மட்டும் பாருங்க. அதுவும் முடியலன்னா மேப்ல வாரநாள் காலைல 7 மணின்னு டைம் மாத்தி வச்சு பாருங்க. அப்படியே போட்டா நீங்க பாக்குற நேரத்து டிராஃபிக்கத்தான் காட்டும்.

ஏரியா பாக்கும்போது நாங்க கேட்டது:

- ரயில் லைன் மேல இருக்கா. பீச்–தாம்பரம்–செங்கல்பட்டு லைன்னா மெட்ரோ வேலை, டிராஃபிக்னு பஸ் மாதிரி மாட்டிக்க மாட்டீங்க. கூட்டம் இருக்கும், ஆனா நேரத்துக்குப் போகும். காலேஜ்ல கையெழுத்து வாங்கிக் குடுத்தா மாணவர் சீசன் டிக்கெட் இருக்கு.
- கெழக்கா மேற்கா. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் ஊரு. வாடகை விளம்பரத்துல ஸ்டேஷனுக்குப் பக்கம்னு இருக்கும், போனா அந்தாண்ட பக்கமா இருக்கும்.
- 2015லயும் 2023லயும் தண்ணி எத்தன படி ஏறுச்சு. புரோக்கர்கிட்ட கேக்காதீங்க, பெட்டிக்கடை, அயன் கடை, பழைய ஆட்டோ ஸ்டாண்டுல கேளுங்க. தரைத்தளம் வேண்டவே வேண்டாம்.
- போர் தண்ணியா, லாரி தண்ணியா. வாயில ஊத்திப் பாருங்க, உப்புன்னா ரெண்டு மாசத்துல முடி கொட்டுதுன்னு புலம்புவீங்க. கேன் தண்ணி மாடிக்கு யாரு தூக்கித் தருவாங்கன்னும் கேளுங்க.
- கரண்டுக்கு தனி மீட்டரா, இல்ல ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவுன்னு போடுறாரா.
- பொண்ணுங்கன்னா ஸ்டேஷன்ல இருந்து ஹாஸ்டல் வரைக்கும் ராத்திரி எட்டு மணிக்கு நடந்து பாருங்க. அம்மா நடந்தாங்க. ஒரு ஹாஸ்டல் எல்லாம் புடிச்சிருந்துச்சு, வழில முன்னூறு அடிக்கு லைட் இல்ல, வேண்டாம்னுட்டாங்க.

ஊருக்குப் போய்ட்டு வர்றதையும் கணக்குல வைங்க. தென்மாவட்ட கவர்மெண்ட் பஸ்ஸெல்லாம் இப்ப வண்டலூர் பக்கத்துல கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டோட நின்னுருது. காலைல அஞ்சு மணிக்கு மூட்டையோட அங்க எறங்கி பூந்தமல்லி வர்றதுக்குள்ள எனக்கு ஊர்ல இருந்து வந்த அலுப்ப விட அதுதான் பெரிய அலுப்பு. தங்கச்சிக்கு அந்தக் கஷ்டம் இல்ல, பொதிகையோ நெல்லை எக்ஸ்பிரஸோ, தாம்பரத்துலயே எறங்கி போயிரலாம்.

காலேஜ் உள்ள என்ன பாக்கணும்னா, அந்த பிராஞ்சுக்கு என்.பி.ஏ. (தேசிய அளவுல தர அங்கீகாரம்) இருக்கா, அண்ணா யுனிவர்சிட்டி போடுற பாஸ் பர்சண்டேஜ் லிஸ்ட்ல எங்க நிக்குது, சாயங்காலம் வெளிய வர்ற பசங்க நாலு பேர்கிட்ட ஃபேகல்டி பத்தி கேளுங்க. கம்ப்யூட்டர் சயின்ஸா காலேஜ் பேரான்னு மணிக்கணக்கா பேச ஆளு நெறைய இருக்காங்க, நான் அதுக்குள்ள போகல.

ஒண்ணு சொல்லிக்கிறேன், எனக்கு அமைதியா ரூம், நேரத்துக்கு தூக்கம் வேணும், அதனால தூரத்தையே புடிச்சுத் தொங்குறேன். என் ஃப்ரெண்டு ஒருத்தன் திருவல்லிக்கேணி மேன்ஷன்ல நாலு பேரோட இருந்து ரெண்டு மணி நேரம் பஸ்ல வந்தும் எட்டரைக்கு மேல சி.ஜி.பி.ஏ. வச்சிருக்கான், அவனுக்கு ஊருக்கு நடுவுல இருக்கணும். நீங்க எந்த மாதிரின்னு உங்களுக்குத்தான் தெரியும். பன்னெண்டாவதுல விடிய விடிய முழிச்சுப் படிச்சீங்களா, ஒம்போதரைக்கு படுத்து நாலு மணிக்கு எந்திரிச்சீங்களான்னு பாத்தாலே தெரிஞ்சிரும்.

தங்கச்சிக்கு கெடச்சது தாம்பரத்துல இருந்து 25 நிமிஷம். இப்ப அக்செப்ட் அண்ட் ஜாயினா, அப்வேர்டான்னு காலைல இருந்து பேச்சு. மேல இருக்க மூணும் அவ ஏறி எறங்கிப் பாத்த காலேஜுங்கதான், எது வந்தாலும் பரவால்லன்னு அவளே சொல்றா. அப்ப அப்வேர்டே குடுன்னு சொல்லியாச்சு. ஆர்டர் வந்ததும் டி.எஃப்.சி. (கவுன்சிலிங் உதவி மையம்) போகணும், ஒரிஜினல் சர்டிபிகேட்ட அம்மா இப்பவே மஞ்சப்பைல எடுத்து வச்சுட்டாங்க.